ஏரி எடுத்த ஏழாவது ஆள்

அமெரிக்காவில், பெரிய ஏரி ஒன்றின் கரையிலுள்ள ஈரி நகரத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிப் பூசைக்கு ஆளே இல்லை. பாதிரியார் காலி பெஞ்சுகளுக்கு ஆசி கொடுத்து முடித்தார். பிறகு அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, ஊர் போன இடத்துக்கே அவரும் போனார்.

ஊர் புனித ஹெட்விக் சங்கக் கூடத்தில் இருந்தது. முந்நூறு பேர் கொள்ளும் இடத்தில் அறுநூறு பேர். எல்லோர் உடம்பிலும் ஸ்டோக்கர்ஸ் கால்பந்து அணியின் கருப்புச் சட்டை, ஜனவரியிலிருந்து துவைக்காத சட்டை. துவைத்தால் ராசி போய்விடும் என்று கேப்டன் சொல்லியிருந்தார். ராசி போகவில்லை. தெருமுனை வரைக்கும் வீசியது.

மேடையில், ஒரு கவிழ்த்த வாளியின் மேல், கேப்டன் டுவைட் லாம்கின் உட்கார்ந்திருந்தார். அணிக்கு அவர் கேப்டன் இல்லை; தூண்டில் கடைக்காரர், ஊர் கொடுத்த பட்டம் அது. தலையில் ஈரத்துண்டு. துண்டுக்கு அடியில் அவர் ஏரியோடு பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. ஏரி பேசுவது மற்றவர்களுக்குக் கேட்காது. மற்றவர்களுக்கும் கேட்டால் கேப்டன் எதற்கு?

அன்றுதான் டிராஃப்டின் கடைசி நாள். கல்லூரியில் ஆடி முடித்த பையன்களைத் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அணிகள் வரிசைபோட்டு, முறை வைத்து எடுத்துக்கொள்ளும் திருவிழா அது. ஏழு சுற்று, அணிக்கு ஏழு பேர். உதைக்க ஒருவன், தடுக்க கார்ட் என்று ஒருவன், இப்படி வேலைக்கு ஒரு ஆள். போன வருடம் படுமோசமாகத் தோற்ற அணிக்கு முதல் கை. ஸ்டோக்கர்ஸ் இருபத்திரண்டு வருடமாக முன்வரிசையிலேயே நிற்கிறது. அந்த ஒரு பெருமையை மட்டும் அது யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. போன வருடம், தொண்ணூற்றாறிலும், விட்டுக்கொடுக்கவில்லை.

இப்படித் தோற்றுத் தோற்று நொந்த ஊருக்கு ஒரு கடவுள் வேண்டியிருந்தது. ஏரி ஒருவரைக் கொடுத்தது.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு, உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கப் போன லாம்கின், பனி உடைந்து உள்ளே விழுந்தார். ஒன்பது நிமிடம் தண்ணீருக்கு அடியில் இருந்தாராம். அங்கே, பச்சை வெளிச்சத்தில், ஸ்டோக்கர்ஸ் எடுக்கப்போகும் ஆட்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தனவாம். அவர் விழுந்தது தன் தூண்டில் கடைக்குப் பின்புறம். அங்கே தண்ணீர் இடுப்பளவு. இடுப்பளவுத் தண்ணீரில் ஒன்பது நிமிடம் மூழ்கிக் கிடப்பதற்கும் ஒரு திறமை வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

போன ஏப்ரலில் டிராஃப்ட் முடிந்ததும் கேப்டன் இதே கூடத்தில் ஒரு உறையைத் திறந்தார். தனக்குத்தானே தபாலில் அனுப்பிக்கொண்ட உறை. டிராஃப்டுக்கு மூன்று வாரம் முந்தைய தேதியில் அஞ்சல் முத்திரை பளிச்சென்று இருந்தது. உள்ளே ஏழு பெயர். ஏழும் சரி. ஒருத்தி மயங்கி விழுந்தாள், இரண்டு பேர் குடியை விட்டார்கள். ஒருவன் அடுத்த வாரமே மறுபடி பிடித்துக்கொண்டான், அது வேறு கதை.

முத்திரை அரசாங்கத்துடையது, அரசாங்கம் பொய் சொல்லுமா என்று கேட்டார்கள். அரசாங்கத்தின் மேல் வேறெந்த விஷயத்திலும் அந்த ஊர் அவ்வளவு நம்பிக்கை வைத்ததில்லை.

அதன் பிறகுதான் ஏரி கேட்க ஆரம்பித்தது. பணம் கேட்கவில்லை. பணம் கேட்டிருந்தால் ஊர் உஷாராகியிருக்கும். ஏரி இருக்கை கேட்டது. மைதானத்தில் பருவம் முழுவதற்குமான இருக்கை உரிமை, அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருவது, புதிதாக வாங்க வேண்டுமானால் முப்பது வருடம் காத்திருக்க வேண்டியது. அதைக் கேப்டன் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டால், எழுதிக்கொடுத்தவரின் ஆசைப் பட்டியலை ஏரி அடுத்த டிராஃப்டில் அப்படியே நடத்திவைக்கும். போன வருடம் பன்னிரண்டு குடும்பம் எழுதிக்கொடுத்தது. அந்தப் பன்னிரண்டு இடங்களிலும் இப்போது ஒட்டக நிறக் கோட்டு போட்ட வெளியூர்க்காரர்கள் உட்கார்ந்து, எப்போது எழுந்து நிற்க வேண்டும் என்றுகூடத் தெரியாமல் இறால் தின்றுகொண்டிருந்தார்கள்.

"யாரு கேப்டன் அவங்க?" என்று ஒருவர் கேட்டதற்கு, "ஏரி அனுப்பின ஆளுங்க" என்றார் கேப்டன். அதோடு கேள்வி முடிந்தது.

இந்த வருடம் எழுதிக்கொடுக்கக் காத்திருந்தவர்களில் முதல் ஆள் ரோமன் சுஹோட்ஸ்கி. பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக். ஐம்பத்தாறு வயது. தெற்குப் பக்கம், நாலாம் வரிசையில் இரண்டு இருக்கை. மைதானம் கட்டிய வருடம் அவருடைய அப்பா மூன்று நாள் பனியில் வரிசை நின்று வாங்கியது.

இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை மதியம், வறுத்த மீனும் முட்டைக்கோஸும் சாப்பிட்டு முடித்த கையோடு, இருக்கைகளை எழுதிக்கொடுக்கும் பத்திரத்தை ரோமன் மேசைமேல் எடுத்து வைத்தார். அவர் மனைவி பெர்னி தட்டை எடுக்காமல் அதையே பார்த்தாள். பெர்னி இருபத்தாறு வருடமாக அந்தப் பேட்டையில் தபால் கொடுக்கிறவள். கேப்டனின் தூண்டில் கடையும் அவள் நடக்கும் தெருவில்தான் இருக்கிறது.

"அதுல ஒண்ணு என் சீட்டு, ரோமன்" என்றாள்.

"ரெண்டும் என் பேர்லதான இருக்கு."

"பேரு உன்னுது. பத்தொம்பது வருஷமா அந்தக் குளிர்ல உறைஞ்சது என்னுது."

ரோமன் குளிர்பெட்டிக் கதவைப் பார்த்தார். அங்கே காந்தத்தில் அவருடைய பட்டியல் தொங்கியது. ஒவ்வொரு வருடமும் அவர் அப்படி ஒன்று எழுதுவார். தான் மட்டும் அணிக்கு முதலாளியாக இருந்தால் எந்த ஏழு பேரை எடுப்பேன் என்ற பட்டியல். குளிர்காலம் முழுக்க நூலகத்தில் உட்கார்ந்து வெளியூர்ப் பத்திரிகைகளைப் புரட்டி, எடை, உயரம், ஓட்டம், எலும்பு முறிவு எல்லாம் பார்த்து, அடித்துத் திருத்தி எழுதுவது. தன் கல்யாணத்துக்குக்கூட அவர் அவ்வளவு விசாரிக்கவில்லை.

"இந்த ஏழாவது ஆள் யாரு? ஆர்லன் ஹால்வர்சன்?" என்று பெர்னி கேட்டாள்.

"உதைக்கிறவன். வட டகோட்டாவுல ஒரு சின்னக் காலேஜ். பேரு ஒருத்தனுக்கும் தெரியாது."

"அவனை எதுக்கு எடுக்கணும்?"

"அந்த ஊர்ல ஒரு மரம் கிடையாது பெர்னி. காத்து சும்மா அறையும். அந்தக் காத்துல நின்னு நாப்பத்தெட்டு கஜம் உதைக்கிறான். நம்ம மைதானத்துல ஏரிக்காத்து அடிச்சா நம்ம ஆள் உதைச்ச பந்து கார் நிறுத்துற இடத்துல போய் விழுது. காத்துல வளந்தவன்தான நமக்கு வேணும்?"

"இது நீயே யோசிச்சதா?"

"பின்ன?"

"நல்லா யோசிச்சிருக்க. அப்புறம் எதுக்கு அந்த மூளையக் கொண்டுபோய் அந்தாளோட வாளியில போடுற?"

ரோமனுக்குச் சுருக்கென்றது. "முப்பது வருஷமா யோசிக்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு பேராவது அவனுங்க எடுத்திருக்கானுங்களா? கேப்டன் ஏழுக்கு ஏழு சொன்னாரு. தபால்ல வந்த கவரு. நீதான கொண்டுபோய்க் குடுத்த?"

பெர்னி பத்திரத்தைத் தள்ளி வைத்தாள்.

"நான் யாருக்கு என்ன தபால் குடுத்தேன்னு வெளிய பேச மாட்டேன். வேலைக்குச் சேரும்போது கையத் தூக்கிச் சத்தியம் பண்ணிருக்கேன்."

"அப்போ அவரு சொல்றது நெசம்னு ஒத்துக்கற."

"வாயத்தான் மூடிருக்கேன், ரோமன். கண்ண மூடல."

பெர்னி தட்டுகளை எடுத்துக்கொண்டாள். அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை அவசியத்துக்கு மேல் சத்தமாகக் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் ஒரு கரும்பலகை வைத்திருந்தார்கள். ஸ்டோக்கர்ஸ் எடுக்கும் ஒவ்வொரு பெயரையும் அதில் எழுதுவது ரோமனின் வேலை. முதல் மூன்று சுற்று சனிக்கிழமையே முடிந்து, பெயர்கள் பலகையில் இருந்தன. மூன்றும் ரோமனின் பட்டியலில் இல்லை. நாலாவது, ஐந்தாவது, ஆறாவதும் வந்தன. அவையும் இல்லை. ஆறாவது சுற்று முடிந்ததும் தொலைக்காட்சிக்காரன் போதும் என்று கோல்ஃப் ஆட்டத்துக்குப் போய்விட்டான். கடைசிச் சுற்றைத் தெரிந்துகொள்ள உள்ளூர்ப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்பதுதான் வழி. அந்த வேலையைப் பெர்னி தானாகவே எடுத்துக்கொண்டாள். ரோமனுக்கு அதில் ஒரு சின்னச் சந்தோஷம். மனம் மாறிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தார்.

கூடத்தில் பாதிப் பேர் அதற்குள் சமையற்கட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்கள். அங்கே புட்ச் கிழவர் வெண்ணெயில் பியரோகிக் கொழுக்கட்டை வறுத்து எடுத்துக்கொண்டிருந்தார். ஏழாவது சுற்றில் வருகிறவனைப் பற்றி யாருக்கும் பெரிய கவலை இல்லை. ரோமனைத் தவிர.

ஐந்து மணிக்குப் பத்திரிகை அலுவலகத்திலிருந்து போன் திரும்ப வந்தது. பெர்னி கேட்டாள், தலையாட்டினாள், ஒரு துண்டுச்சீட்டில் குறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். பிறகு திரும்பி, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"ஏழாவது சுற்று. வால்டர் பியாஸ்கோவ்ஸ்கி. கார்ட்."

"எந்தக் காலேஜ்?" என்றார் ரோமன்.

"சொல்லல. எழுது."

ரோமன் எழுதினார். சுண்ணக்கட்டி இரண்டு தடவை உடைந்தது. ஏழுக்கு ஏழும் போயிற்று. ஒரு குளிர்காலம் முழுக்க நூலகத்தில் உட்கார்ந்தது, முப்பது குளிர்காலம் உட்கார்ந்தது, எல்லாம் போயிற்று. யோசிக்கிறவனுக்கு இதுதான் கிடைக்கும் என்று அவருக்குத் தோன்றியது. சட்டைப்பையிலிருந்த பத்திரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தான் ஒரு முட்டாள் என்று அப்போது நிச்சயமாக நம்பினார். கையெழுத்துப் போட வருகிறவனுக்கு அதுதானே முதல் தகுதி.

கேப்டன் துண்டை எடுத்தார். எழுந்தார். பலகையின் முன்னால் நின்று ஏழு பெயரையும் மேலிருந்து கீழாகப் பார்த்து, ஏற்கெனவே தெரிந்த சேதியைக் கேட்பவர்போல மெல்லத் தலையசைத்தார்.

"ஏரி என்கிட்ட சொன்னது எல்லாம் உறையில இருக்கு" என்றார். "உறை குளிர்ல இருக்கு. நான் போய் எடுத்துட்டு வரேன். ஒம்பது நிமிஷம். யாரும் கூட வராதீங்க. சந்தேகம் இருக்கிறவன் மூச்சு பட்டா தண்ணி கலங்கிடும்."

சங்கத்தின் பீர் பீப்பாய்களை வைக்கும் குளிரறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவருடைய தூண்டில் பெட்டி காலையிலிருந்து அங்கே பூட்டியபடி பனிக்கட்டிக்குள் இருந்தது. அறுநூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். துவைக்காத சட்டைகளுக்கு நடுவே அது நல்ல யோசனைதான்.

ஒன்பதாவது நிமிடம் கேப்டன் வெளியே வந்தார். உதடு நீலம். கையில் உறை. சங்கத் தலைவர் செஸ்டரிடம் அதை நீட்டினார். செஸ்டர் கசாப்புக் கடைக்காரர், பருத்த கைக்காரர், பயபக்தியுள்ளவர். முத்திரையை உயர்த்திக் காட்டினார். ஏப்ரல் இரண்டாம் தேதி. கூட்டம் முனகியது. கிழித்தார். வாசித்தார். ஒன்று சரி. இரண்டு சரி. ஆறு வரைக்கும் சரி.

"ஏழாவது" என்றார் செஸ்டர். "வால்டர் பியாஸ்கோவ்ஸ்கி. கார்ட்."

கூடம் இடிந்து விழாதது கட்டியவரின் புண்ணியம். ஆட்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ரோமன் அழுதுவிட்டார். பத்திரத்தை மேடை விளிம்பில் விரித்து, பேனாவைத் திறந்தார்.

பெர்னி அவர் கைமேல் கை வைத்தாள்.

"போடு. நான் தடுக்கல. அதுக்கு முன்னாடி ஏழாவது ஆளக் கூப்பிட்டு ஒரு கை குடுத்துடலாம். அணிக்குப் புதுசா வந்திருக்காரு, மரியாதை வேணாமா?" சமையற்கட்டு ஜன்னலுக்குப் போனாள். "மிஸ்டர் வால்டர் பியாஸ்கோவ்ஸ்கி, கொஞ்சம் வெளிய வர்றீங்களா?"

ஜன்னலில் புட்ச்சின் தலை தெரிந்தது. எழுபத்தொரு வயது. கையில் கரண்டி.

"யாரு என் முழுப் பேரச் சொல்றது? கோர்ட்டுல இருந்தா?"

கூட்டம் முழுக்க ஜன்னலைத் திரும்பிப் பார்த்தது. வாணலியில் வெண்ணெய் பொரியும் சத்தத்தில் இதுவரை புட்ச்சுக்கு எதுவும் காதில் விழுந்திருக்கவில்லை. அந்த ஊரில் புட்ச்சுக்குப் புட்ச் என்று மட்டும்தான் பேர். அவரைப் பெற்றவர்கள் வைத்த பேர் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் புட்ச். இன்னொருத்தி அவருக்கு மாதாமாதம் ஓய்வூதியக் காசோலை கொண்டுபோய்க் கொடுக்கிறவள்.

"வாழ்த்துக்கள், புட்ச்" என்றாள் பெர்னி. "உங்கள ஸ்டோக்கர்ஸ் எடுத்திருக்கு."

புட்ச் யோசித்தார். "என்ன சம்பளம்?"

"பெர்னி, என்ன இது?" என்றார் செஸ்டர்.

"போன்ல சொன்ன பேரு வேற. நான் வாய்க்கு வந்த பேரச் சொன்னேன். என் வீட்டுக்காரர் பலகையில எழுதினாரு. பலகையில இருந்து அது எப்படி மூணு வாரத்துக்கு முந்தின கவருக்குள்ள போச்சுன்னு ஏரிக்காரர்தான் சொல்லணும். என்னை நம்பாதீங்க. அதோ போன். பத்திரிகை ஆபீசுக்கு நீங்களே போட்டுக் கேளுங்க."

செஸ்டர் போய்க் கேட்டார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் பயபக்தி இல்லை. மேசைமேல் கிடந்த உறையை எடுத்து, அதன் ஒட்டிய மூடியில் தன் பெரிய கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் ஒட்டிக்கொண்டது.

"ஈரமா இருக்கு" என்றார். "மூணு வாரமா காயாத பசையா?" பிறகு கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "பென்சில்ல எழுதியிருக்கான். என் கசாப்பு அறையிலயும் பென்சில்தான். அந்தக் குளிர்ல பேனா எழுதாது."

கேப்டன் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "முத்திரை இருக்கு" என்றார். "முத்திரைய நான் போடல. கவர்மென்ட் போட்டது. இந்தம்மாவையே கேளுங்க."

"உங்க தபாலப் பத்தி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், சத்தியம்" என்றாள் பெர்னி. தோள்பையிலிருந்து ஒரு உறையை எடுத்தாள். "இது என்னோடது. ஏப்ரல் ரெண்டாம் தேதி எனக்கு நானே போட்டுக்கிட்டது. முத்திரை பாத்துக்குங்க. இப்போ மூடியப் பாருங்க. ஒட்டல, உள்ள மடிச்சு விட்டிருக்கு. உள்ள ஒண்ணும் இல்ல. இதுல என்ன வேணாலும் எழுதிப் போட்டு இப்போ நக்கி ஒட்டலாம். வேணும்னா நேத்துச் செத்தவங்க பேரக்கூட மூணு வாரத்துக்கு முன்னாடியே சொல்லலாம். ஏரியில விழ வேணாம். எச்சில் இருந்தா போதும்."

அறுநூறு பேருக்கு அது புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. ஒரு வருடமாகப் புரியாதது ஒரு நிமிடத்தில் புரிந்தது பரவாயில்லை. முதலில் இருக்கை எழுதிக்கொடுத்த பன்னிரண்டு பேர் மேடையை நோக்கி நடந்தார்கள். பாதிரியார் அவர்களுக்கு முன்னால் போனார், சமாதானம் செய்யவா என்று தெரியவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போனார். கேப்டன் சமையற்கட்டு வழியாக ஓடப் பார்த்தார். வாசலில் புட்ச் கரண்டியோடு கால்களை அகட்டி நின்றார். கார்ட் என்றால் தடுப்பவன்தானே. ஸ்டோக்கர்ஸ் இருபத்திரண்டு வருடமாக அப்படி ஒரு தடுப்பைப் பார்த்ததில்லை.

இருக்கைகள் திரும்பும்வரை கேப்டன் நகர முடியாது என்று முடிவாயிற்று. செஸ்டர் வக்கீலுக்குப் போன் போட்டார். கூட்டத்தின் ஓரத்தில் ஒருவர் மட்டும் இன்னும் தயங்கி நின்றார்.

"ஏரி தப்பு பண்ணாதுங்க" என்றார். "புட்ச் இளவயசுல ஆடியிருந்தா நல்ல கார்டாதான் வந்திருப்பாரு."

அவர் கேப்டனின் ஈரத்துண்டை மடித்து வீட்டுக்கு எடுத்துப்போனார்.

ரோமன் மேடை விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பேனா இன்னும் திறந்தே இருந்தது. வெட்கத்தில் காது சிவந்திருந்தது. "எனக்காவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொன்னா நம்பியிருப்பியா?"

அவர் நேர்மையான மனிதர். "மாட்டேன்" என்றார்.

பெர்னி சட்டைப்பையிலிருந்து அந்தத் துண்டுச்சீட்டை எடுத்து அவர் மடியில் போட்டாள். "போன்ல அந்தப் பையன் சொன்ன நெசப் பேரு. அரைமணி நேரமா உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இத மறைச்சு வெச்சிருந்தேன் பாரு, அதுதான்யா கஷ்டம்."

ரோமன் படித்தார். ஆர்லன் ஹால்வர்சன். உதைப்பவன். வட டகோட்டா.

இன்னொரு தடவை படித்தார். முப்பது வருடத்தில் முதல் தடவை. யாரும் தண்ணீருக்கு அடியிலிருந்து சொல்லவில்லை. காற்று அடிக்கிற ஊரில் காற்றில் வளர்ந்தவன் வேண்டும் என்று ஒரு பேருந்து மெக்கானிக் யோசித்தார். அணியின் முதலாளிகளும் கடைசியில் ஒரு தடவை யோசித்திருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது.

"அவனுங்க எடுத்துட்டானுங்க" என்றார். சீட்டை அவளிடம் நீட்டினார். "நான் சொன்ன ஆள எடுத்துட்டானுங்க, பெர்னி."

"நீ சொன்ன ஆளத்தான். கண்டவன் சொன்ன ஆள இல்ல. இப்போ எந்திரி. வீட்டுக்குப் போய் அந்தச் சட்டையத் துவைக்கணும்."

பத்திரத்தை நாலாகக் கிழித்து வாளியில் போட்டுவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். ஏரி எதிரே கிடந்தது. பனி முழுக்கக் கரைந்து, வெறும் தண்ணீராக, யாரிடமும் எதுவும் பேசாமல் கிடந்தது. மூன்று மாதம் கல்லாகக் கிடந்த ஏரிகூட ஏப்ரல் வந்தால் உருகிவிடுகிறது. கழுத்துக்கு மேலே உறைந்து கிடப்பவர்களுக்கு ஏப்ரல் எப்போது வரும்?